பழைய ஸ்லைடுகளை வீட்டிலேயே மின்னாக்க எந்தக் கருவி? 1,100 படங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

என் பெரியப்பா மறைந்தபின் அவருடைய அலமாரியிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தவை ஐந்து மரப்பெட்டிகள். அவற்றுள் 35 மி.மீ. ஸ்லைடுகள் ஏறத்தாழ 1,100 இருந்தன; புரொஜெக்டரும் இருந்தது, ஆனால் அதன் விளக்கு எரியவில்லை. ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோதுதான், கணினியில் ஏற்றாமல் விட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இவற்றை ஒருபோதும் பார்க்கப்போவதில்லை என்பது உறைத்தது. வெளியே கொடுத்துச் செய்துகொள்ள மனம் வரவில்லை. வேறு பிரதியே இல்லாத படங்களை அஞ்சலில் அனுப்ப அஞ்சினேன். ஆகவே ஸ்லைடுகளைச் செருகி எடுக்கும் சிறிய பெட்டிக் கருவி, தட்டையான கண்ணாடிமேல் வைத்துப் படியெடுக்கும் ஃபிளாட்பெட் ஸ்கேனர், ஃபிலிமுக்கென்றே அமைந்த ஸ்கேனர், மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் பொருத்திய கேமரா ஆகிய நான்கையும், கையில் இருந்தது போக மற்றவற்றை இரவலாகவும் விலைக்கும் வாங்கி, ஐந்து மாதங்களில் பயன்படுத்திப் பார்த்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நூற்றுக்கணக்கில் ஸ்லைடு வைத்திருப்பவருக்குக் கேமராவே ஏற்றது, அதற்கு முதற்காரணம் படத்தின் தரம் அன்று, ஒரு ஸ்லைடுக்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம். கருவிகளின் அட்டைப்பெட்டிகளில் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி), மெகாபிக்சல் (மொத்தம் எத்தனை பத்து லட்சம் புள்ளி) ஆகிய எண்கள் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. ஒரு ஸ்லைடுக்கு எத்தனை நிமிடம் ஆகும், எத்தனை முறை அதைக் கையில் எடுத்து வைக்க வேண்டும் என்ற கணக்கை எவரும் அச்சிடுவதில்லை; எடுத்த வேலை முடியுமா, மூன்றாவது பெட்டியோடு நின்றுபோகுமா என்பது அந்தக் கணக்கைப் பொறுத்தே இருக்கிறது.

ஸ்லைடு என்பது 50 மி.மீ. சதுரச் சட்டத்துக்குள் 24-க்கு 36 மி.மீ. அளவில் அடங்கியுள்ள நேர்ப்படம், அதாவது நெகட்டிவைப்போல் நிறம் தலைகீழாகாத ஃபிலிம். இருட்டறையில் திரைமீது ஒளி பாய்ச்சிக் காட்டுவதற்காகவே உருவானது என்பதால் அதன் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையே உள்ள தொலைவு காகிதப் படத்தில் உள்ளதைவிட மிகப் பெரிது. மின்னாக்கும் கருவிக்கு உண்மையான தேர்வு அந்த நிழலில்தான் நடக்கிறது. நான்கு கருவிகளையும் ஒப்பிட ஒரே ஒரு ஸ்லைடைத் தேர்ந்துகொண்டேன்: அடர்ந்த மரத்தடியில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்று சிரிக்கிறார்கள், பின்னால் வெயிலில் கண் கூசும் ஒரு வெள்ளைச் சுவர். சுவரின் காரைப்பூச்சும் தெரிய வேண்டும், பெரியம்மாவின் கண்ணும் தெரிய வேண்டும் என்பதே நான் வைத்த தேர்வு.

சிறிய பெட்டிக் கருவியைப் பற்றி நீட்டி எழுத அதிகமில்லை. ஒரு பக்கம் ஸ்லைடைச் செருகினால் முந்தையது மறுபக்கம் வெளியே வருகிறது, கணினியே தேவையில்லை, மெமரி கார்டில் நேரடியாக ஜேபெக் கோப்பு பதிவாகிறது. இவ்வகைக் கருவிகளில் ஒளியைப் பதியும் சென்சார் 14 மெகாபிக்சலாக இருக்க, கோப்பு மட்டும் 22 மெகாபிக்சலாக வெளிவருவதுண்டு. மிகுதி முழுவதும் மென்பொருள் ஊகித்து இட்டு நிரப்பியது. எனக்குக் கிடைத்த கருவியில் வெள்ளைச் சுவர் வெறும் வெண்மையாகவும் மரத்தடி வெறும் கருமையாகவும் விழுந்தன. ஆனாலும் இதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு நன்மை செய்துகொண்டேன். ஸ்லைடுக்கு ஐந்து விநாடி வீதம் ஒரே பிற்பகலில் எல்லாவற்றையும் ஓட்டி, எண் வாரியாக ஓர் அட்டவணை தயாரித்தேன். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை வீட்டார் அனைவரும் கைப்பேசியிலேயே பார்த்து, தமக்கு வேண்டிய படங்களைக் குறித்துக் கொடுக்க அந்த மங்கலான கோப்புகளே போதுமானவையாக இருந்தன.

ஃபிளாட்பெட் ஸ்கேனரைத்தான் பலரும் முதலில் வாங்குகிறார்கள்; காகிதப் படங்களுக்கும் அது பயன்படும் என்பது நியாயமான காரணமே. மூடியில் விளக்குப் பொருத்திய வகையாக இருந்தால் மட்டுமே ஸ்லைடுக்கு உதவும் என்பதை வாங்குமுன் உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் ஸ்லைடை ஒளி ஊடுருவிச் செல்ல வேண்டுமே தவிர அதன் மேல் பட்டுத் திரும்பினால் பயனில்லை. அட்டையில் 6400 டிபிஐ என்று எழுதியிருந்தாலும், யூஎஸ்ஏஎஃப் 1951 எனப்படும் சோதனைத் தகட்டை வைத்து அளப்பவர்கள் வீட்டு உபயோக ஃபிளாட்பெட்களில் உண்மையில் காண்பது ஏறக்குறைய 1500 முதல் 2300 டிபிஐ வரைதான். சட்டத்தின் தடிமனால் ஃபிலிம் கண்ணாடியைத் தொடாமல் சற்று மேலே நிற்கிறது. மலிவான ஸ்கேனர்களின் லென்ஸோ ஒரே தூரத்தில் நிலையாகக் குவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 2400 டிபிஐக்கு மேல் வைத்துக் காத்திருப்பது வீண். அந்த அளவில் 3400-க்கு 2268 பிக்சல், அதாவது ஏறத்தாழ 7.7 மெகாபிக்சல் கிடைக்கிறது. ஏ4 தாளை நெருங்கிய அளவில் அச்சிட இது போதும். மரத்தடிப் படத்தில் சுவர் நன்றாகவே வந்தது. முகங்கள் தெரிந்தன, ஆனால் நிழலில் மணல் தூவியது போன்ற இரைச்சல் படிந்திருந்தது. நான்கு ஸ்லைடுகளை அடுக்கி, முன்னோட்டம் பார்த்து, ஸ்கேன் செய்து முடிக்க எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. தூசி படியும் பரப்புகளும் இதில் மிகுதி: ஸ்லைடின் இருபுறம், ஸ்கேனர் கண்ணாடியின் இருபுறம், மூடியின் விளக்குப் பரப்பு. ஐம்பது ஸ்லைடு மட்டும் வைத்திருப்பவர், வீட்டில் ஆல்பங்களும் நிறைய உள்ளவர் எனில் இதையே வாங்கலாம். என்னைப் போன்றவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும்.

ஃபிலிமுக்கென்றே அமைந்த ஸ்கேனர் வேறு தரத்தைச் சேர்ந்தது. நான் வாங்கியது, நான்கு ஸ்லைடு கொள்ளும் தட்டைக் கையாலேயே ஒவ்வொரு படமாகத் தள்ளிவைக்கும் வகை. 3600 டிபிஐயில் அது தந்த கூர்மை, ஃபிலிமில் படத்தை உருவாக்கும் நுண்மணிகளையே எண்ணிவிடலாம் போலிருந்தது. அதற்கு மேல் 7200 என்று ஒரு நிலை இருந்தது. அதில் ஒரு ஸ்லைடு 69 மெகாபிக்சலாக விரிந்து, தரம் குறையாமல் சேமிக்கும் 16 பிட் டிஃப் கோப்பாக 400 மெகாபைட்டைத் தாண்டியதே தவிர, புதிதாக ஒரு தலைமுடி இழைகூடத் தென்படவில்லை. இந்த வகையின் சிறப்பு டிபிஐ அன்று, அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் வசதி. ஃபிலிமில் உள்ள நிறமிகள் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. தூசியும் கீறலும் தடுக்கின்றன. எனவே சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றோடு அகச்சிவப்பில் எடுக்கும் நான்காவது பதிவில் படம் மறைந்து குப்பை மட்டும் தெரிகிறது. மென்பொருள் அந்த இடங்களைச் சுற்றியுள்ள நிறத்தைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. ஆழமான கீறல் கிடந்த ஒரு வானம் என் கண்முன்னே துடைத்துவிட்டாற்போல் தெளிந்ததை இப்போதும் வியப்போடு நினைக்கிறேன்.

ஆனால் இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது, அது அகச்சிவப்பைத் தடுக்கும். ஆகவே மென்பொருள் படத்தையே தூசியாக எண்ணிச் சிதைத்துவிடும். இரண்டாவது விலக்கு கோடாக்குரோம். 1935-இல் திரைப்படச் சுருளாக அறிமுகமாகி, அடுத்த ஆண்டே 35 மி.மீ. புகைப்படச் சுருளாகவும் வந்து, 2009-இல் உற்பத்தி நின்ற இந்த வண்ண ஃபிலிமின் சியான் (நீலப்பச்சை) நிறமி அகச்சிவப்பை ஓரளவு விழுங்குகிறது. இதனால் கருமையான விளிம்புகளில் படத்தின் நுட்பங்கள் கரைந்துபோகின்றன. என் பெரியப்பாவின் சேகரிப்பில் பாதிக்கு மேல் கோடாக்குரோம் என்பதால் நான் விலை கொடுத்து வாங்கிய வசதி பாதிப் படங்களுக்கு உதவாமற்போனது. கோடாக்குரோமை, மற்றொரு வண்ண ஸ்லைடு ஃபிலிமான எக்டாக்குரோமிலிருந்து பிரித்தறிய, பளபளப்பில்லாத மங்கலான பக்கத்தைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தாலே போதும். உருவங்களின் விளிம்புகள் புடைத்து, செதுக்கியது போலத் தெரிந்தால் அது கோடாக்குரோம். சட்டத்தில் பெயரே அச்சிட்டிருப்பதும் உண்டு.

நேரக் கணக்குதான் இந்த ஸ்கேனரை என் மேசையிலிருந்து இறக்கியது. அகச்சிவப்புப் பதிவோடு ஒரு ஸ்லைடுக்கு மூன்று நிமிடம். 1,100 ஸ்லைடுகளுக்கு 55 மணி நேரம். அத்தனை நேரமும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் தள்ள வேண்டும். நிக்கானின் கூல்ஸ்கேன் 5000 போன்ற பழைய கருவிகளுக்கு ஐம்பது ஸ்லைடு வரை தானே ஊட்டும் துணைக்கருவி இருந்தது. உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகியும் அவற்றைப் பழைய பொருளாகத் தேடி வாங்குபவர்கள் இருப்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இனி கேமரா. ஏற்கெனவே என்னிடம் இருந்த 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (24-க்கு 36 மி.மீ. சென்சார் கொண்ட) கேமராவையும், 1:1 உருப்பெருக்கம் தரும், அதாவது பொருளை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழச்செய்யும் ஒரு மேக்ரோ லென்ஸையும் கொண்டு இதைச் செய்தேன். சென்சாரும் ஸ்லைடும் ஒரே அளவு என்பதால் 6000-க்கு 4000 பிக்சல் முழுவதும் படத்துக்கே கிடைக்கிறது. டிபிஐ கணக்கில் சொன்னால் 4200-க்கு மேல். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ளவருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உருப்பெருக்கமே போதும். கேமராவைச் செங்குத்துக் கம்பத்தில் கீழ்நோக்கிப் பொருத்தி, கீழே எல்இடி ஒளிப்பலகையை வைத்து, அதற்கும் ஸ்லைடுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன். இடைவெளி விடாவிட்டால் பலகையின் மேலுள்ள தூசியும் படத்தில் விழும். பலகையை வாங்கும்போது, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 95-க்கு மேல் உள்ளதாகப் பார்க்க வேண்டும். நான் முதலில் வாங்கிய மலிவான பலகையில் சிவப்பெல்லாம் செங்கல் நிறமாக மங்கியது. நூறு படம் எடுத்த பிறகே அதைக் கவனித்தேன், அந்த நூறையும் திரும்ப எடுத்தேன்.

கேமரா வழியில் முதல் இரண்டு மணி நேரம் ஒரு படம்கூட எடுக்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த உருப்பெருக்கத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சென்சாரும் ஸ்லைடும் மிகச் சிறிதே சாய்ந்திருந்தாலும் ஒரு மூலை மங்கிவிடும். ரசமட்டம் வைத்துப் பார்ப்பது ஓரளவுக்கே உதவியது. ஸ்லைடு இருக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் லென்ஸின் பிம்பம் கேமராத் திரையின் நடுமையத்துக்கு வரும்வரை திருகுகளைச் சரிசெய்யும் முறையே துல்லியமானது. இந்தச் சிரமம் வேண்டாம் என்போருக்கு லென்ஸின் முனையிலேயே திருகிக்கொள்ளும் ஸ்லைடு குழல்கள் உள்ளன. நிக்கானின் இஎஸ்-2 அத்தகையது. ஸ்லைடும் லென்ஸும் ஒரே உடலாகிவிடுவதால் சாய்வும் அதிர்வும் பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை.

லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவை எஃப் 8-இல் நிறுத்தினேன் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). 1:1-இல் எஃப் 8 நடைமுறையில் எஃப் 16 போலச் செயல்படுகிறது என்பதால், அதற்கு மேலும் துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் மொத்தப் படமும் மென்மையாகிவிடும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, இரண்டு விநாடி டைமர், சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பு, கையால் குவியம் என்று வைத்துக்கொண்டு, அறை விளக்கை அணைத்தேன். ஸ்லைடைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் மறைத்தது நிழல்களைக் காப்பாற்றியது. ஓரத்தில் கசியும் ஒளி லென்ஸுக்குள் புகுந்து கருமையை வெளுக்கச் செய்வதை மறைப்பின்றி எடுத்த ஒரு படத்தோடு ஒப்பிட்டாலே தெரியும். வெண்மைச் சமநிலையை ஸ்லைடு இல்லாத வெறும் ஒளிப்பலகையைக் கொண்டு ஒருமுறை பதிவு செய்தால் போதும். மரத்தடிப் படத்தை ஒரே பதிவில் எடுத்தபோதே சுவரும் முகமும் வந்துவிட்டன. வெளிச்சத்தை மாற்றி மூன்று பதிவுகள் எடுத்து இணைத்தபோது பெரியம்மாவின் கண்ணில் ஒளிப்புள்ளிகூடத் தெரிந்தது. ஆனால் அப்படி இணைக்க வேண்டிய அளவுக்குக் கருமையான ஸ்லைடுகள் மொத்தத்தில் நாற்பதுக்கு மேல் இல்லை.

எல்லாம் நிலைபெற்றபின் ஒரு ஸ்லைடுக்குப் பன்னிரண்டு விநாடி. 1,100-ஐயும் எடுத்து முடிக்கக் கணக்குப்படி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. இதில் நான் பட்டறிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்லைடுகளை ஆண்டு வாரியாக எடுக்காமல் சட்டத்தின் வகை வாரியாக எடுங்கள். அட்டைச் சட்டம், பிளாஸ்டிக் சட்டம், கண்ணாடி பதித்த சட்டம் ஆகியவற்றில் ஃபிலிம் நிற்கும் உயரம் வேறு வேறு. வகை மாறும்போதெல்லாம் குவியத்தைத் திருத்த வேண்டும். முதலில் பென்சிலால் ஒவ்வொரு சட்டத்திலும் எண் எழுதிவிட்டால் பிறகு பழைய வரிசைக்குத் திரும்புவது எளிது. அட்டைச் சட்டத்தில் ஃபிலிம் நடுவில் உப்பியிருப்பதும் உண்டு. மையத்துக்கும் மூலைக்கும் நடுவான ஓரிடத்தில் குவித்தால் இரண்டும் ஓரளவு சமமாக வரும். கண்ணாடிச் சட்டங்களில் ஃபிலிமும் கண்ணாடியும் ஒட்டும் இடத்தில் நியூட்டன் வளையங்கள் எனப்படும் வானவில் கோடுகள் படிகின்றன. அவற்றைப் பிரித்துப் புதுச் சட்டத்தில் மாற்றுவதைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

கேமராவில் அகச்சிவப்பு இல்லை. அதனால் தூசியை நாமே வெல்ல வேண்டும். என் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போயிற்று. ரப்பர் குமிழால் இருபுறமும் காற்று ஊதி, மென்மயிர்த் தூரிகையால் ஒருமுறை தடவ, ஸ்லைடுக்கு அரை நிமிடம். மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல், அதாவது படமெடுத்த நேரத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். வாயால் ஊதக்கூடாது, எச்சில் துளி காய்ந்தால் அதன் தடம் எளிதில் போகாது. விரல்ரேகைக்கு ஃபிலிம் சுத்திகரிப்புத் திரவமும் நார் உதிராத துணியும் பயன்படுத்தினேன். பூஞ்சை படர்ந்த ஸ்லைடுகளில் தண்ணீர் படவே கூடாது: பூஞ்சை தாக்கிய ஜெலட்டின் நீரில் கரையும் தன்மை பெற்றுவிடுவதால், துடைக்கும்போது அழுக்கோடு படமும் போய்விடும். பூஞ்சை பிடித்த பதினேழு ஸ்லைடுகளை இருந்தபடியே எடுத்து, மீதியைக் கணினியில் திருத்தினேன்.

ஸ்லைடை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் நானே பலமுறை தவறினேன். பளபளப்பான பக்கம் கேமராவை நோக்கியிருந்தால் படம் நேராக இருக்கும். மங்கலான பக்கம் எமல்ஷன், அதாவது படத்தைத் தாங்கிய ஜெலட்டின் பூச்சு, உள்ள பக்கம். பெயர்ப்பலகையோ கைக்கடிகாரமோ இல்லாத படங்களில் இடவலம் மாறியதைக் கண்டுபிடிப்பது கடினம்.

நிறத்தைப் பொறுத்தவரை ஃபிலிமின் வகையே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. இருட்டில் வைத்திருந்த கோடாக்குரோம் நேற்று எடுத்ததுபோல் இருந்தது. அதே கோடாக்குரோம் புரொஜெக்டரில் அடிக்கடி ஓடியிருந்தால் எக்டாக்குரோமைவிட விரைவாக வெளுக்கும் என்பது இதன் விந்தை. பழைய எக்டாக்குரோம்களில் சியான் நிறமி அழிந்து எல்லாம் செம்மை பூத்திருந்தன. அவற்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொன்றின் அளவையும் காட்டும் வளைகோட்டை மென்பொருளில் தனித்தனியே சரிசெய்ய வேண்டியிருந்தது; மொத்தமாகச் சிவப்பைக் குறைத்தால் நிழல் பச்சையாகிவிடுகிறது. ஸ்கேனர் வழியைத் தேர்பவர்களுக்கு வியூஸ்கேன் மென்பொருளில் மங்கிய நிறத்தை மீட்கும் தேர்வும், கோடாக்குரோமுக்கெனத் தனி அமைப்பும் இருக்கின்றன. சில்வர்ஃபாஸ்டிலும் கோடாக்குரோம் அமைப்பு உண்டு. அந்த ஃபிலிமை ஸ்கேன் செய்யும்போது ஏறும் நீலச் சாயலை அது குறைக்கிறது.

கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாக: ரா கோப்பையும், திருத்திய ஜேபெக்கையும் வைத்துக்கொண்டேன், ஒவ்வொரு ஸ்லைடுக்கும் 140 மெகாபைட் டிஃப் சேமிப்பது எனக்குத் தேவையாகப் படவில்லை. கோப்பின் பெயர் பெட்டி எண்ணும் ஸ்லைடு எண்ணும் மட்டுமே. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் கேமரா இட்ட தேதியை நீக்கி, படத்தின் உண்மையான ஆண்டையும் சட்டத்தில் பெரியப்பா எழுதியிருந்த குறிப்பையும் கோப்புக்குள்ளேயே பதிந்தேன். சட்டத்தில் அச்சாகியிருக்கும் மாதமும் ஆண்டும் ஃபிலிமைக் கழுவிய காலத்தைக் காட்டுபவை, படம் எடுத்த காலத்தை அல்ல. பெரியப்பா ஒரு சுருளை அரை ஆண்டுக்கும் மேல் கேமராவிலேயே வைத்திருப்பார் என்று பெரியம்மா சொன்னதால் நான்கு குறிப்புகளைத் திருத்த நேர்ந்தது. மொத்தச் சேகரிப்பின் மூன்று பிரதிகள் இரு வேறு வகை வட்டுகளில் உள்ளன. அவற்றில் ஒன்று வேறு வீட்டில் இருக்கிறது.

ஆக, கேமராவும் மேக்ரோ லென்ஸும் ஏற்கெனவே வைத்திருப்பவர் ஒளிப்பலகையும் கம்பமும் மட்டும் வாங்கினால் போதும். அவருக்கு வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எதுவுமே இல்லாமல் இருநூறு எக்டாக்குரோம்கள் மட்டும் வைத்திருப்பவருக்கு அகச்சிவப்பு வசதியுள்ள ஃபிலிம் ஸ்கேனர் பொருந்தும், ஏனெனில் தூசி துடைக்கும் நேரத்தை அது மிச்சப்படுத்தும். நானும் என் ஸ்கேனரை விற்கவில்லை. கீறல் மிகுந்த அறுபது எக்டாக்குரோம்களைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நான்காக அவை அந்தத் தட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றன.